வண்டி ஏறிய குப்பை எங்கே போகிறது?

வருவாய்த்துறைப் பதிவேடுகளில் 'நத்தம்' என்றால் மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் நிலம். 'புறம்போக்கு' என்றால் தனியார் யாருக்கும் சொந்தமில்லாத பொது நிலம். ஓடை, கண்மாய், பாதை, மேய்ச்சல் தரை எல்லாம் அதில் அடங்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் அந்த முதல் சொல்லையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று உண்டு. சிறுமலை, கரந்தமலை, அழகர்மலை ஆகியவற்றுக்கு நடுவே, மாந்தோப்புக்கும் புளிக்கும் ரெடிமேட் சட்டைக்கும் பெயர் பெற்ற நத்தம் பேரூராட்சிதான் அது.

குப்பையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டு சொற்களே போதும். குப்பை நத்தத்தில் பிறக்கிறது, புறம்போக்கில் போய் விழுகிறது. இடையில் ஒரு வண்டி. அந்த வண்டிக்காரர் யார், எங்கே கொண்டுபோனார், எதைக் கொட்டினார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சரக்காக இருந்த குப்பை

ஒரு காலத்தில் குப்பையை எடுத்துப் போக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் எருக்குழி இருந்தது. சாணம், சாம்பல், வைக்கோல், சமையல் மிச்சம் எல்லாம் அதில் விழுந்தன. கோடை உழவுக்கு முன் அதை மாட்டுவண்டியில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோனார்கள். எருக்குழி இல்லாதவர்கள் மற்றவர்களிடம் வண்டிக் கணக்கில் குப்பையை விலைக்கு வாங்கியதும் உண்டு. கணக்கு ஏட்டில் எழுதினால் குப்பை அன்று சொத்துப் பக்கத்தில் இருந்திருக்கும்.

பிளாஸ்டிக், பேட்டரி, ஊசி, ரசாயனம், கட்டிட இடிபாடு ஆகியவை வந்த பிறகு குப்பை கடன் பக்கத்துக்கு மாறிவிட்டது. வயல் அதை ஏற்காது. எனவே எடுத்துப் போகிறவருக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் ஒரு விசித்திரமான வியாபாரம் தொடங்குகிறது. அரிசி வாங்குகிறவர் பணம் கொடுத்ததும் அரிசியைக் கையில் வாங்கிப் பார்க்கிறார். கல் இருந்தால் மறுநாள் கடைக்காரரிடம் சண்டை போடுகிறார். குப்பை வியாபாரத்திலோ பணம் கொடுத்தவர் சரக்கை மறுபடியும் பார்க்கப்போவதில்லை. பார்க்கவும் விரும்புவதில்லை! வாசலை விட்டுப் போனால் போதும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்ற வண்டிக்காரர் பத்து கிலோமீட்டர் போனால் போதும். முறையாகச் சுத்திகரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால் அங்கே கட்டணம் கட்ட வேண்டும், டீசல் செலவு வேறு. ஓடைக்கரையில் சாய்த்துவிட்டால் இரண்டு செலவும் இலாபமாகிவிடுகிறது. இந்த வித்தியாசம்தான் திருட்டுத்தனமாகக் குப்பை கொட்டுவதன் மூலதனம்.

பழைய சட்டங்களுக்குத் தெரியாத வண்டி

தெருவில் குப்பை போடுவதற்குத் தண்டனை என்பது புதிய விஷயம் அல்ல. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வீதியில் குப்பை போட்டவருக்கு எட்டில் ஒரு பணம் அபராதம் என்று வகுத்தது. சேறும் நீரும் தேங்கச் செய்து வழியை அடைத்தால் கால் பணம். ராஜபாட்டையில் அதையே செய்தால் இரட்டிப்பு. இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1388ஆம் ஆண்டில் ஊர்களுக்கு அருகே உள்ள ஆறுகளிலும் பள்ளங்களிலும் கழிவைக் கொட்டக்கூடாது என்று சட்டம் போட்டது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரே விதமான குற்றவாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. குப்பையை உண்டாக்கியவரும் கொட்டியவரும் ஒருவரே. அவர் அதே தெருக்காரர். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்கள். இருபதாம் நூற்றாண்டில் லாரி வந்த பிறகு இந்தக் கணக்கு தப்பிப் போயிற்று. உண்டாக்கியவர் ஓர் ஊர், ஏற்றியவர் இன்னோர் ஊர், கொட்டிய இடம் மூன்றாவது ஊர். பிடிபட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டலாம்.

1972ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் நனீட்டன் நகருக்கு அருகே, கைவிடப்பட்ட ஒரு செங்கல் சூளை நிலத்தில் 36 டிரம்கள் கிடந்தன. குழந்தைகள் விளையாடும் இடம் அது. உள்ளே இருந்தது சயனைடு. நாடே அதிர்ந்தது. சில வாரங்களுக்குள், அதாவது மார்ச் மாத முடிவிலேயே, விஷக் கழிவைக் கொட்டுவது பற்றிய சட்டம் ஒன்று நிறைவேறியது. கழிவை எடுத்துச் செல்லும் முன்பே உள்ளூர் நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

அமெரிக்கா 1976இல் இன்னும் ஒரு படி மேலே போனது. ஆபத்தான கழிவு உண்டான இடத்திலிருந்து அழிக்கப்படும் இடம் வரை அதனோடு ஒரு சீட்டு கூடவே போக வேண்டும் என்று அந்த ஆண்டுச் சட்டம் வகை செய்தது. அனுப்பியவர், ஏற்றியவர், பெற்றவர் மூவரும் அதில் கையெழுத்திட வேண்டும். கடைசியில் பெற்றவர் கையெழுத்திட்ட பிரதி அனுப்பியவருக்கே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அனுப்பியவர் விசாரிக்க வேண்டும். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல, இரட்டைப் பதிவு முறையேதான். ஒரு கணக்கில் வெளியே போனது இன்னொரு கணக்கில் உள்ளே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் நடுவில் திருட்டு நடந்திருக்கிறது.

பிரிட்டன் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைக் கொடுப்பவரின் கடமையாகவே ஆக்கியது. கழிவை யாரிடம் ஒப்படைக்கிறோம், அவருக்கு அனுமதி உண்டா என்று நிறுவனங்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும். 2005இல் அந்தக் கடமை சாதாரண வீட்டுக்காரர்களுக்கும் வந்தது. பழைய சோபாவை வாசலில் வந்த வேன்காரரிடம் தள்ளிவிட்டு, அது வயல்வெளியில் கிடந்தால் 'எனக்குத் தெரியாது' என்று அங்கே வீட்டுக்காரர் கைகழுவ முடியாது.

கடல் தாண்டிய குப்பை

பணக்கார நாடுகளில் சட்டம் இறுகியதும் ஒரு விபரீதம் நடந்தது. முறையாக அழிக்கும் செலவு ஏறியது. செலவு ஏற ஏற, ஏமாற்றினால் கிடைக்கும் இலாபமும் ஏறியது. அடுத்த கிராமத்துப் புறம்போக்கைத் தேடிய வண்டி இப்போது அடுத்த கண்டத்துப் புறம்போக்கைத் தேடியது.

1986இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துக் குப்பையை எரித்த சாம்பல், சுமார் 14,000 டன், 'கியான் சீ' என்ற கப்பலில் ஏறியது. எந்தத் துறைமுகமும் அதை ஏற்கவில்லை. 1988 ஜனவரியில் ஹைத்தி நாட்டுக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 டன்னை 'உரம்' என்ற பெயரில் இறக்கிவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. மீதியை என்ன செய்தது தெரியுமா? பெயரை இரண்டு முறை மாற்றிக்கொண்டு திரிந்து, அந்த ஆண்டு இறுதிக்குள் கடலிலேயே கொட்டிவிட்டது. ஹைத்தியில் கிடந்த சாம்பலில் ஒரு பகுதி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக 2000ஆம் ஆண்டு ஆயிற்று.

அதே சமயத்தில் நைஜீரியாவில் கோகோ என்ற சிறு துறைமுக ஊரில் ஒருவர் தன் வீட்டு முற்றத்தை மாதம் 100 டாலருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கட்டிடப் பொருள் என்ற பெயரில் டிரம் டிரம்மாக வந்து இறங்கியது இத்தாலியின் விஷக் கழிவு. சுமார் 4,000 டன்! டிரம்கள் வெயிலில் உப்பிக் கசிந்தன. 1988 ஜூனில் விஷயம் வெளியே வந்ததற்கு ஒரு காரணம் இத்தாலியில் படித்துக்கொண்டிருந்த நைஜீரிய மாணவர்கள். அங்கே வெளிவந்த செய்தியைத் தாய்நாட்டுப் பத்திரிகைகளுக்கு அவர்கள் எழுதித் தெரிவித்தார்கள். நைஜீரியா தன் தூதரைத் திரும்ப அழைத்தது, இத்தாலியக் கப்பல் ஒன்றைப் பிடித்து வைத்தது. கடைசியில் இத்தாலி கழிவைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதை ஏற்றிய 'கரின் பி' கப்பலை ஐரோப்பியத் துறைமுகங்கள் பலவும் உள்ளே விட மறுத்தன. தங்கள் கண்டத்துக் கழிவு தங்கள் வாசலுக்கே வந்தபோது அவர்களுக்கும் அது வேண்டாததாகிவிட்டது.

இந்த நிகழ்ச்சிகளின் சூட்டில்தான் 1989 மார்ச் 22 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. பெறுகிற நாட்டின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் ஆபத்தான கழிவை அனுப்பக்கூடாது. மீறி அனுப்பினால் அனுப்பிய நாடே திரும்ப எடுக்க வேண்டும். 1992இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதே ஆண்டு அதில் இணைந்தது.

உடன்படிக்கையோடு மோசடி நின்றுவிடவில்லை. 2019இல் கொழும்புத் துறைமுகத்தில் பிரிட்டனிலிருந்து வந்த கொள்கலன்கள் கேட்பாரற்றுக் கிடப்பது தெரியவந்தது. பழைய மெத்தை, மறுசுழற்சிப் பொருள் என்று காகிதத்தில் இருந்தது. திறந்தபோது மருத்துவக் கழிவும் வெளியே வந்தது. இலங்கையின் சுற்றுச்சூழல் அமைப்பினர் நீதிமன்றம் போனார்கள். 2020 செப்டம்பரில் 21 கொள்கலன்களோடு தொடங்கிய திருப்பி அனுப்பும் வேலை 2022 பிப்ரவரியில்தான் முடிந்தது. பொய்யான சீட்டும் உண்டு என்பதையும் இந்தச் சம்பவம் காட்டியது. ஆனால் சீட்டு இருந்ததால்தான் எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது என்பதும் தெரிந்தது.

திண்டுக்கல்லின் தண்ணீர்

தொலைவில் நடந்த கதைகள் இருக்கட்டும். திண்டுக்கல் மாவட்டத்துக்கே இந்த வரலாற்றில் இரண்டு அத்தியாயங்கள் உண்டு.

முதலாவது தோல். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் ஷாப்புகள் பெருகியபோது உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் சுற்றியிருந்த நிலங்களிலும் நீர்நிலைகளிலும் இறங்கியது. பல கிணறுகளின் நீர் வாயில் வைக்க முடியாமல் போயிற்று. இதே அவலம் பாலாற்றங்கரையில் இன்னும் பெரிதாக நடந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே நட்டஈடும் மண்ணைச் சீராக்கும் செலவும் தர வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றது. வட ஆற்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கல்பட்டு ஆகிய ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு இது. அதில் திண்டுக்கல்லின் பெயரும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாவது அத்தியாயம் மலை மேலே நடந்தது. அதில் வண்டிக்காரரும் வருகிறார்.

கொடைக்கானல்: காயலான் கடைக்கு வந்த பாதரசம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1983இல் அது கொடைக்கானலுக்கு இடம் மாறியது. அப்போது திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிறக்கவே இல்லை, அது மதுரையிலிருந்து பிரிந்தது 1985இல். தொழிற்சாலை முதலில் பாண்ட்ஸ் கம்பெனியுடையது. பிறகு யூனிலீவர் குழுமத்தின் கீழ் வந்து, ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது, செய்து முடித்த வெப்பமானிகள் வெளிநாட்டுக்குப் போயின. உடைந்த கண்ணாடி மட்டும் கொடைக்கானலில் தங்கியது.

பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகக் கூடிய உலோகம். கண்ணுக்குத் தெரியாமல் மூச்சில் ஏறும். நீர்நிலையில் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீன் வழியாக மனித உடலுக்கு வந்து நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய் இதற்குச் சாட்சி. கொடைக்கானல் தொழிற்சாலையோ பாம்பார் சோலைக் காட்டின் விளிம்பில், சரிவுக்கு மேலே இருந்தது.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு காயலான் கடையில் சாக்குச் சாக்காக உடைந்த வெப்பமானிக் கண்ணாடி கிடப்பதை ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் கண்டார்கள். கிழிந்த சாக்குகளில் பாதரசம் ஒட்டிய கண்ணாடி! மார்ச் 7 அன்று நூற்றுக்கணக்கானவர்கள் தொழிற்சாலைக்கு ஊர்வலம் போனார்கள். பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் முன்னின்றன. தொழிற்சாலை உடனே மூடப்பட்டது. பிறகு திறக்கப்படவே இல்லை.

சாக்குகளில் இருந்தது 7.4 டன் என்றார்கள் போராடியவர்கள். 5.3 டன் என்றது நிறுவனம். தங்கள் நடைமுறை விதிகளை மீறி அந்தக் கண்ணாடி பழைய சாமான் வியாபாரிக்கு விற்கப்பட்டுவிட்டது என்றும் ஒப்புக்கொண்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். கம்பெனிக்குள் வந்த ஒவ்வொரு கிலோ பாதரசத்துக்கும் பில் இருந்திருக்கும். வெளியே போன வெப்பமானிகளுக்கும் பில் இருந்திருக்கும். ஆனால் கழிவாகப் போனது எவ்வளவு என்பதில் மட்டும் இரண்டு தரப்பும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. மண்ணுக்கும் காற்றுக்கும் போன பாதரசத்தின் அளவிலும் அதே தகராறு.

இந்த இடத்தில் காயலான் கடைக்காரரை மட்டும் திட்டுவது நியாயமாகாது. அவர் கண்ணாடி வாங்குகிறவர். கண்ணாடியில் ஒட்டியிருப்பது என்ன என்பதை அறிந்தவர்கள் விற்ற இடத்தில்தான் இருந்தார்கள். கழிவைப் பற்றி அதிகம் தெரிந்தவர் அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவரிடம் தள்ளிவிடுவதுதான் இந்தத் தொழிலின் ஆதாரமான ஏமாற்று. கோகோவின் முற்றத்துக்காரருக்கும் டிரம்மில் இருந்தது தெரியாது.

2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவுப் பொருட்கள் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி நிலையத்துக்குப் போயின. ஏழை நாட்டுக்கு வந்த ஆபத்து பணக்கார நாட்டுக்கே திரும்பிப் போனது அபூர்வமான சம்பவம். முன்னாள் தொழிலாளர்கள் தங்கள் உடல்நலக் கேட்டுக்காக 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016 மார்ச்சில் 591 பேர் சம்பந்தப்பட்ட சமரச உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சாலை மூடி 15 ஆண்டுகள்! அதற்குப் பிறகும் வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வாதம் ஓயவில்லை.

காயலான் கடையில் விற்றதால் நிறுவனத்துக்குக் கிடைத்த பணம் அற்பமாகத்தான் இருந்திருக்கும். முறையாக அழிக்காமல் மிச்சப்படுத்திய செலவும் பெரிதாக இருந்திருக்காது. அதற்குக் கொடுத்த விலை ஒரு தொழிற்சாலை, தொழிலாளர்களின் உடல்நலம், ஒரு காட்டின் மண்.

நெல்லை: கழிவுக்குள் கிடந்த முகவரி

இந்தியாவிலும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. போபால் விபத்துக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989இல் ஆபத்தான கழிவுக்கும், 1998இல் மருத்துவக் கழிவுக்கும், 2000இல் நகரக் குப்பைக்கும், 2011இல் மின்னணுக் கழிவுக்கும் விதிகள் வந்தன. நகரக் குப்பை விதிகளுக்குப் பின்னால் அல்மித்ரா பட்டேல் என்ற பெண்மணி 1996இல் உச்சநீதிமன்றத்தில் போட்ட வழக்கு இருந்தது. 2016இல் விதிகள் பலவும் புதிதாக எழுதப்பட்டன. மருத்துவக் கழிவுப் பைகளுக்குப் பார்கோடு ஒட்ட வேண்டும், சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பவை அப்போது வந்த மருத்துவக் கழிவு விதிகளில் உண்டு.

அப்படியிருந்தும் 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் உள்ளிட்ட கிராமங்களில் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது. ஊர்க்காரர்கள் கிளறிப் பார்த்தபோது உள்ளே இருந்த காகிதங்களே ஊரைக் காட்டிக் கொடுத்தன. திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் பெயர் அச்சிட்ட தாள்கள் அவை. மண்டலப் புற்றுநோய் மையத்தின் தாள்களும் அவற்றில் இருந்தன. கழிவை எடுத்துப் போகும் பொறுப்பு ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டிருந்ததும், ஏஜென்டுகள் மூலம் லாரிகள் மாநில எல்லையைத் தாண்டியதும் விசாரணையில் வெளிவந்தன. சிலர் கைதானார்கள்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரள அரசே கழிவைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்று மூன்று நாள் கெடு கொடுத்தது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிப் போனார்கள். நாடுகளுக்கு இடையே பாசலில் எழுதிய நியாயம் இங்கே இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் நடந்தது. 2025இல் தமிழக அரசு 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுகிறவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்த லாரி யாருக்கும் தெரியாமல் கிராமத்துக்குள் வந்திருக்க முடியாது. இடம் காட்ட உள்ளூரில் ஆள் வேண்டும். கேரளத்துக் குப்பை என்று கோபப்படுவது சுலபம். இந்தப் பக்கத்தில் கை நீட்டிப் பணம் வாங்கியது யார் என்று கேட்பதுதான் கஷ்டம்.

ஊருக்கு உதவும் பாடம்

நனீட்டன் முதல் நெல்லை வரை எல்லாக் கதைகளுக்கும் ஒரே எலும்புக்கூடுதான். சரக்கின் தன்மையை அறிந்தவர் அதை மறைத்துக் கொடுக்கிறார். நடுவில் ஒருவர் நியாயமான செலவை விடக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்கிறார். பெறுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. பிடிபட்டது எப்படி? டிரம், சாக்கு, மூட்டை ஆகியவற்றுக்குள் இருந்தே அனுப்பியவரின் அடையாளம் கிடைத்ததால்.

இதிலிருந்து நத்தம் போன்ற சிறிய ஊரில் வீடு இடித்துக் கட்டுகிறவரும், கிளினிக் நடத்துகிறவரும், தையல் யூனிட் வைத்திருப்பவரும் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது, விலை. நான்கு பேர் ஒரு தொகை கேட்க, ஐந்தாமவர் பாதிக்கு ஒப்புக்கொண்டால் சந்தோஷப்படக் கூடாது. மீதிப் பாதியை ஏதோ ஒரு கண்மாய் கொடுக்கப்போகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, இடம். 'எங்கே கொட்டுவீர்கள்?' என்று கேட்டால் நேர்மையான ஆள் இடத்தின் பெயரைச் சொல்வார். 'அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம், நீங்க கவலைப்படாதீங்க' என்று பதில் வந்தால் அப்போதுதான் கவலைப்பட வேண்டும்! செங்கல், காரை இடிபாடு என்றால் பேரூராட்சி அலுவலகத்தில் எங்கே கொட்டலாம் என்று கேட்டுவிட்டு லாரியை அழைப்பது நல்லது.

மூன்றாவது, காகிதம். என்ன சரக்கு, எத்தனை லோடு, எந்தத் தேதி, எந்த வண்டி எண், எங்கே போகிறது என்ற ஐந்தும் உள்ள ரசீது. மருத்துவக் கழிவு, ரசாயனம், பழைய கம்ப்யூட்டர், பேட்டரி என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற நிலையத்துக்கோ அதன் சார்பில் சேகரிப்பவருக்கோ மட்டும் கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்வதில் கூச்சம் தேவையில்லை. கடன் வாங்க வருகிறவரிடம் ஜாமீன் கேட்பதில்லையா?

நான்காவது, பிரித்தல். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டினால் அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, ஓடைக்கரை. மக்கும் குப்பையைப் பிரித்துவிட்டால் அது பழையபடி உரமாகிறது. அட்டை, இரும்பு, பிளாஸ்டிக் ஆகியவற்றுக்குப் பழைய சாமான் கடையில் விலை கிடைக்கிறது. பணம் கொடுத்து அனுப்ப வேண்டிய குப்பை மிகச் சிறிதாகச் சுருங்கிவிடும். ஏமாற்றுகிறவருக்கு வேலையும் சுருங்கிவிடும்.

ஐந்தாவது, கண். இரவில் அறிமுகமில்லாத லாரி கண்மாய்க்கரைப் பாதையில் இறங்கினால் எண்ணைக் குறித்து வைத்து, போலீசுக்கும் பேரூராட்சிக்கும் சொல்ல வேண்டும். கோகோவில் மாணவர்கள் எழுதியதும் கொடைக்கானலில் ஊர்க்காரர்கள் சாக்கைக் கண்டதும் நெல்லையில் கிராமத்தார் மூட்டையைக் கிளறியதும்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். எந்த இடத்திலும் அதிகாரிகள் முதலில் கண்டுபிடிக்கவில்லை.

கடைசியாக ஒரு கணக்கு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்பது கணக்கியலின் முதல் பாடம். ஒரு வீட்டிலிருந்து ஒரு லோடு குப்பை வெளியே போனால் வேறு எங்கோ ஒரு லோடு குப்பை உள்ளே வந்திருக்கிறது. அந்த 'எங்கோ' என்ற இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு கிணறு இருக்கிறது, அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். புறம்போக்கு என்று பதிவேடு சொல்லும் நிலமும் யாரோ ஒருவருடைய நத்தத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.